டவுன் பஸ் கட்டணத்தில் கடல் உலா

சிட்னி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? தக்காளி என்ன விலை போகிறது? நான் கப்பலில் வேலை பார்ப்பதாகப் பாட்டி பேரிகை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறதாமே. வேலையெல்லாம் இல்லை மாமா, லீவு நாளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான். நம்ம தென்பெண்ணையாறுகூடக் கடலூர்ப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துவிடுகிறது. நமக்குத்தான் கொடுப்பினை இல்லாமல் இருந்தது.

இங்கே கப்பலும் டவுன் பஸ்தான். ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஓபல் என்று ஒரே அட்டை. எவ்வளவு சுற்றினாலும் ஒரு நாளைக்கு இன்ன தொகைக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறில் அதிலும் பாதிதான். ஆனால் பாகலூர் வழி பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்த உங்களுக்கு இது பிடிக்காது: கண்டக்டரே கிடையாது! கம்பத்தில் அட்டையைக் காட்டினால் 'டிங்' என்கிறது. சில்லறை கேட்டுத் திட்ட ஆளில்லாமல் பயணம் சப்பென்று இருக்கிறது.

சர்க்குலர் கீ துறையில் வாட்சன்ஸ் பே படகு ஏறினேன். ஒரு பக்கம் 1932இல் திறந்த துறைமுகப் பாலம். அதன் ஒரே வளைவு 503 மீட்டர். மறு பக்கம் ஓபரா ஹவுஸ். டென்மார்க்காரர் யோர்ன் உட்சன் வரைந்தது. 7 மில்லியன் டாலரில் முடியும் என்று தொடங்கி, 1973இல் திறப்பதற்குள் 102 மில்லியனை விழுங்கிவிட்டது. உட்சன் 1966இலேயே மனம் கசந்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். கட்டி முடித்ததைக் கடைசிவரை வந்து பார்க்கவே இல்லை. மேஸ்திரியோடு மல்லுக்கட்டி வீடு கட்டிய உங்களுக்கு இதெல்லாம் புதுக்கதையா?

படகுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக நுரை. சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். கெலவரப்பள்ளி அணையின் நாற்ற நுரை பழக்கிய பழக்கம்! நாற்றமே இல்லை மாமா. மேலே பெங்களூர் இல்லாத தண்ணீர்.

வழியில் ரோஸ் பே என்று ஒரு நிறுத்தம். பெயரை நம்பி எட்டிப் பார்த்தேன்; நம்ம பாலிஹவுஸில் இருக்கும் ரோஜாவில் ஒரு செடிகூடக் கண்ணில் படவில்லை.

வாட்சன்ஸ் பேயில் இறங்கி நடந்தால் முனையில் சிவப்பு, வெள்ளைக் கோடு போட்ட கலங்கரை விளக்கம். 1857இல் டன்பார் என்ற கப்பல் ராத்திரியில் துறைமுக வாயிலைத் தவறவிட்டுப் பாறையில் மோதியது. 121 பேர் போனார்கள், ஒரே ஒருவர் பிழைத்தார். மறு வருஷமே விளக்கு வைத்தார்கள். விளக்குக்குப் போகிற வழியில் ஒரு கடற்கரை. அங்கே துணியில்லாமல் குளிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. இந்த வரியை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நான் விளக்கை மட்டுமே பார்த்தபடி நடந்தேன்.

சுற்றுலாப் படகுக்காரர்கள் இதே தண்ணீரைக் காட்டப் பல மடங்கு காசு கேட்கிறார்கள். ஏமாறாதீர்கள். டிசம்பரில் அத்தையோடு வாருங்கள், இங்கே அப்போது கோடை. விசிலை மட்டும் ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பழக்கதோஷத்தில் நீங்கள் ஊதி, படகு கிளம்பிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

அன்புடன்,
உங்கள் மருமகன்