உறுமலா, தலைவலியா?

கேள்வி: என்னிடம் 5 லிட்டர் வி8 மஸ்டாங் ஜிடி இருக்கிறது. வீட்டிலேயே சைலன்சரைக் கழற்றிவிட்டால் நல்ல உறுமல் கிடைக்குமா? (வாசகர், கலிஃபோர்னியா)

பதில்: கிடைக்கும், தலைவலியும் இலவச இணைப்பாக வரும். 2,000 ஆர்பிஎம்மில் வி8 நொடிக்குச் சுமார் 133 முறை வெடிக்கிறது. நெடுஞ்சாலையில் அந்த 'ம்ம்ம்' காருக்குள் அடைபட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது சைகை மொழியாகத்தான் தெரியும்!

மஸ்டாங் ஜிடியின் குரல் அதன் கிராங்க்‌ஷாஃப்ட்டில் பிறக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் சிலிண்டர்கள் சீரற்ற இடைவெளியில் வெடிப்பதால்தான் அந்த அருமையான 'தடதட'. அதைப் புதிதாக உண்டாக்க வேண்டாம், வழிவிட்டால் போதும். இரு வரிசைகளின் புகைக் குழாய்களையும் எச்-பைப் இணைத்தால் அடித்தொண்டை; எக்ஸ்-பைப் என்றால் சுருதி ஏறும். என் ஓட்டு அடித்தொண்டைக்கு.

வீட்டில் செய்ய ஏற்றது, பின் மஃப்ளரை (சைலன்சரை) மட்டும் மாற்றும் ஆக்சில்-பேக் செட். வெல்டிங் தேவையில்லை. குழாய் நன்றாக ஆறட்டும். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விடுங்கள். ரப்பர் ஹேங்கர் அடம்பிடித்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். இறுகிய மோதிரம் மாதிரி வழுக்கி வரும். குழாய்கள் நேராக உட்கார்ந்த பிறகே கிளாம்பை முறுக்குங்கள், இல்லாவிட்டால் பம்பரில் உரசும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள். அதைக் கழற்றுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். உங்கள் மாநிலத்தில் கார்களுக்குச் சத்த வரம்பு 95 டெசிபல். அதற்குள்ளேயே தாராளமாக உறுமலாம்.