அறுவது ஒன்று, வாங்குவது எட்டு

மாண்டலினில் தந்தி எட்டு. இரண்டிரண்டாக நான்கு ஜோடி. அறுவது மட்டும் எப்போதும் முதல் ஜோடியில்தான். மூன்றாவதும் நான்காவதும் சர்க்கார் உத்தியோகஸ்தர் மாதிரி. ஓய்வு வயது தாண்டினாலும் நாற்காலியை விடமாட்டார்கள்.

முதல் தந்தியைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அதன் கனம் கால் மில்லிமீட்டர். அதை எட்டு கிலோவுக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கிறோம். எட்டுத் தந்தியும் சேர்ந்து இழுப்பது 70, 80 கிலோ வரும். ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள வாத்தியம், வளர்ந்த ஆள் ஒருவரைச் சுமந்துகொண்டுதான் மோகனம் பாடுகிறது. இதில் ஒல்லியானது அறாமல் வேறு எது அறும்?

அறுந்த ஒன்றை மட்டும் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், "செட்டாத்தான் சார் வரும்" என்பார் கடைக்காரர். அடுத்து பரீட்சை தொடங்கும். "பத்தா, பதினொண்ணா?" முதல் தந்தியின் கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதை வைத்து செட்டுக்குப் பெயர். பத்துக்கும் பதினொன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியில் பாதிகூடத் தேறாது. ஆனால் பதினொன்று போட்டு அரை மணி வாசித்துவிட்டுக் காபி டம்ளரைப் பிடித்துப் பாருங்கள், இடது கை விரல்நுனி கணக்குச் சொல்லும்.

"பிக்கப் வெச்சதா? அப்ப நிக்கல் சுத்தினது எடுங்க. வெண்கலத்தைக் காந்தம் மதிக்காது." இல்லை என்றால் அடுத்த கேள்வி: எண்பது-இருபதா, பாஸ்பர் பிரான்ஸா? எண்பது-இருபது என்பது செம்பு 80, துத்தநாகம் 20. அட்டையில் வெண்கலம் என்று அச்சடித்திருக்கும். என் பாட்டியிடம் காட்டியிருந்தால், "இது பித்தளைடா, எவன் உன்னை ஏமாத்தினான்?" என்று கடைக்கே கிளம்பியிருப்பாள். பாஸ்பர் பிரான்ஸில் துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீயம். பாட்டி ஒப்புக்கொள்ளும் வெண்கலம். முன்னது கணீர் என்று பேசும், பின்னது கொஞ்சம் குழைந்து பேசும். சென்னை வியர்வை இரண்டையும் பாரபட்சமில்லாமல் கறுக்க வைக்கும்.

இவ்வளவையும் விசாரித்து, இரண்டு நண்பர்களிடம் போனில் கேட்டு, ஒருவழியாக முடிவெடுத்த பிறகுதான் உறைத்தது. இந்த வெண்கலம், பித்தளை எல்லாம் மூன்றாம், நான்காம் தந்திக்கு மேல் சுற்றியிருக்கும் உலோகம். முதல் இரண்டு ஜோடியும் இந்த செட்டுகளில் வெறும் எஃகுக் கம்பி. அதாவது, ஆராய்ச்சி முழுக்க அறாத தந்திக்கு!

அந்த அறாத தந்திகள் என் மேசை டிராயரில் குடியேறின. வீட்டில் அவற்றை வீணாக்குவதில்லை. பாஸ்பர் பிரான்ஸால் மணி பிளான்ட்டை ஜன்னலோடு கட்டியிருக்கும் வீடு எங்கள் தெருவில் வேறு இருக்காது.

செட் வாங்கும்போதெல்லாம் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் நினைவு வரும். அவர் 1969-இல் ஆந்திராவின் பாலக்கோலில் பிறந்து, சிறுவனாகவே கர்நாடக மேடை ஏறி, மேல்நாட்டு வாத்தியத்தைக் கச்சேரிக்குப் பழக்கியவர். இரட்டைத் தந்தியை விட்டுவிட்டு, ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி போட்ட மின் மாண்டலினில் வாசித்தார். ஜோடித் தந்தியை ஒரே அளவாக இழுத்துக் கமகம் கொண்டுவருவது கஷ்டம், அதனால்தான் என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்குப் போய் செட் வாங்கிப் பழகிய எனக்கு வேறு சந்தேகமும் உண்டு.

கடைசியில் ஒரு நாள் என் குறையைக் கேட்ட கடைக்காரர் ரகசியத்தை அவிழ்த்தார். "கிடார் முதல் தந்தி லூசுல வரும் சார். அதுலயும் பத்து இருக்கு, அதே எஃகு. நுனியில ஒரு குண்டு இருக்கும், குறடால நசுக்கி எடுத்துட்டா வளையம் மட்டும் நிக்கும். மாண்டலின்ல மாட்டிக்கலாம்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்டது மாண்டலின் தந்திதானே சார்?"

இனி ஆயுசுக்கும் செட் வேண்டாம் என்று நிமிர்ந்தேன். அவர் விடவில்லை. "அறலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா? நாலாவதைத் தட்டுங்க." தட்டினேன். ஜீ ஸ்வரமும் கேட்கவில்லை, நாதமும் கேட்கவில்லை; கதவைத் தட்டினாற்போல் இருந்தது. சுற்றுக்குள் அழுக்கு ஏறினால் தடித்த தந்தி அறாது, ஊமையாகிவிடும். டிராயரில் இருப்பவையோ பையைத் திறந்த நாளிலிருந்து கடற்காற்று குடித்து, வாசிக்காமலேயே வயசாகிப் போனவை. "மாத்தும்போது ஒவ்வொண்ணா மாத்துங்க. மொத்தமா கழட்டினா பிரிட்ஜ் நகந்துடும், அதை ஒட்டி வெச்சிருக்க மாட்டாங்க" என்ற அறிவுரை இலவசம்.

ஆக, ஒரு மாண்டலின் செட், கூடவே கிடார் முதல் தந்தி நாலு. பில் போட்ட பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"சார் கிடாரும் வாசிப்பீங்களா?"

"இல்லப்பா, மாண்டலின் மட்டும்தான். அதனாலதான் கிடார் தந்தி."