இயங்கு அடுப்பியல்: இரும்பைக் காதணி விழாவுக்கு உணவு வண்டி அமர்த்துதல் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

முந்நூறு பேர் வரும் விழாவுக்கு எத்தனை உணவு வண்டி வேண்டும்? இக்கேள்விக்குத் தமிழில் இதுவரை கிடைத்துள்ள ஒரே விடை, "ரெண்டு வண்டி சொல்லிட்டா போதும் மச்சான்" என்பது. அவ்விடை தோசைக்கல்லின் பரப்பளவையோ, பசியின் கால ஒழுங்கையோ, தாய்மாமனின் மான உணர்ச்சியையோ கருதவில்லை. இம்மூன்றையும் கருதி, எந்த வண்டிக்காரரும் தம் கொட்டேஷனில் எழுதாத ஒரு பணியிடம் காலியாகக் கிடப்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. ஆய்வுக் களம்

இரும்பை, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் உள்ள ஊர். சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இங்கே இருக்கிறது. தொண்டை நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் 32-இல் இதுவும் ஒன்று. பக்கத்திலேயே ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம் அது. ஆகவே இவ்வூரில் விழா எடுப்பவரின் அழைப்புப் பட்டியலில், சாம்பாரில் காரம் போதாது என்று முகம் சுளிக்கும் திண்டிவனத்துச் சம்பந்தியும், அதே சாம்பாரைக் குடித்துக் கண்ணீர் வடிக்கும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்து இடம்பெறக் கூடும். இயங்கு அடுப்பியலுக்கு இதைவிடக் கடினமான சோதனைக் களம் வாய்ப்பது அரிது.

ஆய்வின் வசதிக்காக ஒரு காதணி விழாவைக் கற்பித்துக்கொள்வோம். காலையில் கோயிலில் மொட்டை, காதுகுத்து. விருந்து அருகிலுள்ள திடலில். கோயில் நிழலில் நடப்பதால் பிரியாணியும் சைவமே. இதனால் மனம் வருந்துவோரின் எண்ணிக்கை தனி ஆய்வுக்குரியது. பகல் 12.30 மணிக்குக் குழந்தையின் அழுகை ஓய்கிறது. அந்த நொடியில், அதுவரை அழுகையைக் கேட்டு உருகி நின்ற முந்நூறு பேருக்கும் ஒருசேரப் பசிக்கிறது.

2. முன்னோடிகள்

மேலை நாட்டார் இத்துறையின் தோற்றத்தை 1866-இல் வைப்பர். டெக்சாஸ் மாட்டுப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் அவ்வாண்டில் பழைய ராணுவ வண்டி ஒன்றின் பின்புறம் அலமாரி அடித்து, மந்தையோட்டிகளுக்குச் சமையல் வண்டியாக்கினார். 1872-இல் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் குதிரை வண்டியில் இரவு உணவு விற்றார். 2008-இல் லாஸ் ஏஞ்சலஸில் ராய் சோயின் கோகி வண்டி, தான் நிற்கும் தெருவை ட்விட்டரில் அறிவித்துக் கூட்டம் சேர்த்தது. நம் பக்கத்தில் 2005-இல் வந்த டாடா ஏஸ் என்னும் குட்டி யானை, முதுகில் அடுப்பைச் சுமக்கப் பழகியதும் இவ்வகை வண்டிகள் பரவலாயின.

இவை யாவும் பிற்காலத்தவை. எந்த ஊரில் யார் என்ன பரிமாறுவார் என்பதை முன்கூட்டி அறிவிக்கும் கலையில் இவற்றுக்கு மூத்தது சிறுபாணாற்றுப்படை. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய அந்நூலின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவன் ஆண்ட கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே அடங்கும். எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும் கள்ளும், வேலூரில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் என்று பசித்த பாணனுக்கு வழியெல்லாம் உணவுப் பட்டியல் கொடுத்திருக்கிறார் புலவர். எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும் கொள்வர். அதாவது, நம் விழா வண்டி எந்தச் சாலையில் ஓடப்போகிறதோ, ஏறத்தாழ அந்த வட்டாரத்துக்கே சங்க காலத்தில் மெனு எழுதியாயிற்று.

அன்றைக்கு அடுப்பு நின்றது, உண்பவன் நடந்தான். இன்றைக்கு அடுப்பு வருகிறது, உண்பவன் நிற்கிறான். இவ்வளவே வேறுபாடு. ஆனால் நிற்பவனுக்குக் கால் வலிக்கும் என்பதை எந்தப் புலவரும் பாடவில்லை.

3. நிலவியல்

வண்டி அமர்த்துவோர் விலை பேசுவர், ருசி பார்ப்பர், தரை பார்ப்பதில்லை. இப்பகுதி செம்மண் மேடு. மழை அரித்த ஓடைகளும் சரிவுகளும் மிகுதி. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் திடலும் தோசைக்கல்லுக்குச் சமமாக இருப்பதில்லை.

இதை அறிய மாஸ்டர்கள் கையாளும் முறை எளியது. வண்டியை நிறுத்தியதும், அடுப்பு மூட்டுமுன், ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லின் நடுவில் விடுவார்கள். தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் கீழ் செங்கல் ஏறும். இச்சோதனையைத் தவிர்த்தால் எண்ணெய் முழுவதும் டிரைவர் பக்கம் தேங்கி, அங்கே வார்த்தது பூரிபோல் பொரியும். எதிர்ப்பக்கம் வார்த்தது சப்பாத்திபோல் வறளும். ஒரே மாவில் பிறந்த இரு தோசைகளுக்குள் இத்தகைய ஏற்றத்தாழ்வு சம்பந்திகளிடையே பேச்சாகாமல் போனதாக வரலாறு இல்லை.

முந்தின இரவு மழை பெய்திருந்தால் செம்மண் குழையும். வந்த வண்டி வெளியேறாது. அப்போது வாடகை ஒரு நாளுக்கா இரண்டு நாளுக்கா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுவது நலம்.

4. கல்லும் அண்டாவும்

உணவுகளை மரக்கறி, புலால் எனப் பிரிப்பது விழாத் திட்டத்துக்குப் பயன்படாது. கல் உணவு, அண்டா உணவு எனப் பிரிப்பதே முறை. கேட்ட பிறகு பிறப்பது கல் உணவு: தோசை, ஊத்தாப்பம், முட்டை வீச்சு. கேட்குமுன் பிறந்து காத்திருப்பது அண்டா உணவு: பிரியாணி, சாம்பார் சாதம், பொங்கல்.

கல்லின் கணக்கைப் பார்ப்போம். ஒரு வண்டிக்கல்லில் ஒரு நேரத்தில் நான்கு தோசை. தண்ணீர் தெளித்துத் துடைத்து, வார்த்து, எண்ணெய் விட்டு, மடித்து எடுக்க மூன்று நிமிடம். ஆக மணிக்கு 80. ஆளுக்கு இரண்டு வீதம் முந்நூறு பேருக்கு 600 தோசை. 12.30-க்குத் தொடங்கினால், கடைசி விருந்தாளி தம் இரண்டாம் தோசையை இரவு 8 மணிக்குப் பெறுவார். மச்சான் சொன்ன இரண்டாம் வண்டியும் வந்தால் மாலை 4.15. இக்கணக்கில் "எனக்கு நல்லா முறுகலா" என்போரைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் விழா அடுத்த முகூர்த்தத்தை எட்டும்.

அண்டாவின் கணக்கு வேறு. ஒரு தட்டுக்கு 20 விநாடி. மணிக்கு 180 தட்டு. 100 நிமிடத்தில் முந்நூறு பேர். இரண்டு கரண்டி போட்டால் 50 நிமிடம். சமையல்காரர் வழக்கப்படி ஒரு கிலோ அரிசிக்கு எட்டு முதல் பத்துப் பேர் என்று வைத்தால், முப்பது கிலோவுக்குக் குறையாமல் வேண்டும்.

இதனால் பெறப்படும் முதல் விதி: பசி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும், தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும்.

பழைய பந்தியோடு ஒப்பிட்டால் இவ்விதி மேலும் துலங்கும். நூறு பேர் உட்காரும் பந்தி, அரை மணிக்கு ஒன்று. முந்நூறு பேருக்கு ஒன்றரை மணி. முதல் நூறு பேர் ஒரே நேரத்தில் கை நனைக்கிறார்கள். பந்தியில் காத்திருத்தல் இல்லையா எனின், உண்டு. பாயசம் குடிப்பவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று, அவர் டம்ளரைச் சாய்க்கும் கோணத்தை அளந்து நிற்பதும் ஒரு வரிசைதான். ஆனால் அங்கே நம்பிக்கை கண்ணெதிரே குறைந்துகொண்டு வரும் பாயசமாக இருக்கிறது. வண்டி வரிசையிலோ முன்னால் நிற்பவரின் முதுகு மட்டுமே தெரிகிறது. அவரும், "வீட்டுக்கு நாலு பார்சல்" என்று கேட்கப் போகிறவரோ என்ற ஐயத்தையும் அந்த முதுகு எழுப்புகிறது.

5. சட்ட இயல்

சுருங்கச் சொல்லின்: வண்டியில் கண்ணில் படும் இடத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். அடுப்புக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் வேண்டும். வீட்டிலிருந்து இரவல் வாங்கிய 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் ஆகாது. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் தடை இருப்பதால் பாக்குமட்டைத் தட்டு. காற்று வீசும் திடலில் வாழையிலைத் துண்டு, சட்னியோடு சம்பந்தியின் பட்டு வேட்டிக்குப் போய்ச் சேரும் என்பதாலும் பாக்குமட்டையே சிறந்தது.

6. கவனிப்பார் கோட்பாடு

இனி, காலிப் பணியிடத்துக்கு வருவோம். பந்தியில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நடப்பார். பரிமாறுவது அவர் வேலையன்று. "அண்ணனுக்கு ரசம்", "பெரியம்மாவுக்கு அப்பளம் வரல பாரு" என்று இலைகளைப் படித்துக்கொண்டு போவதே வேலை. அவரால்தான் கேட்கக் கூச்சப்படுபவர் வயிறு நிறைகிறது. வண்டியில் 'கவனிப்பார்' என்னும் இப்பதவி இல்லை. கேட்டவருக்குக் கிடைக்கும், கேளாதவர் சாப்பிட்டாரா என்பது எவருக்கும் தெரியாது. கேட்கக் கூடாதவர் தாய்மாமன். சீர்த்தட்டோடு வந்தவர் தட்டேந்தி வரிசையில் நிற்கமாட்டார். "பசிக்கல" என்பார். அந்த ஒரு சொல் அடுத்த மூன்று விசேஷங்களுக்குப் பேசப்படும்.

இக்கோட்பாட்டுக்கு உள்ளூர்ச் சான்று இரண்டு. ஒன்று, நல்லியக்கோடன். பொற்கலத்தில் உணவு இட்டு, விரும்பியது அறிந்து, தானே நின்று உண்பித்தான் என்கிறது சிறுபாணாற்றுப்படை. வீமன் கண்ட மடைநூல் வழி சமைக்கும் அடுக்களை அவனுக்கு இருந்தது. ஆளுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் நின்றான்.

மற்றொன்று, இரும்பையின் சொந்தக் கதை. கடுவெளிச் சித்தர் அரசமரத்தடியில் புற்று மூடத் தவமிருக்கிறார், அதனால் நாட்டில் மழையில்லை. அவர் தவத்தைக் கலைக்க மன்னனால் முடியவில்லை. கோயிலில் ஆடும் பெண் ஒருத்தி முன்வருகிறாள். அவள் செய்த முதல் காரியம், சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. உதிரும் அரச இலை கையில் விழும்போது மட்டும் சித்தர் அதை வாயிலிடுவதைக் கண்டாள். மறுமுறை இலைக்குப் பதில் அப்பளம் விழுந்தது. முதலில் உப்பில்லாமலும் பிறகு உப்பிட்டும் கொடுத்தாள் என்று விரித்துச் சொல்வாரும் உண்டு. தவம் கலைந்தது. வாய் திறந்து கேளாத விருந்தாளிக்குத் தேவை அறிந்து உணவளித்ததில் இதற்கு மிஞ்சிய சான்று இத்துறையில் இல்லை.

கதையின் பிற்பகுதியும் நமக்கு வேண்டும். விழாவில் அவள் சிலம்பு கழன்றது, சித்தர் எடுத்து அணிவித்தார், கூட்டம் சிரித்தது, சாபத்தில் லிங்கம் பிளந்தது. செப்புத் தகடு கட்டிய லிங்கத்தை இன்றும் தரிசிக்கலாம். பெரியவரைக் கூட்டத்தின் நடுவே தனியாக விட்டால் விளைவு என்ன என்பதை இவ்வூர் கல்லில் பதித்து வைத்திருக்கிறது. தாய்மாமன் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

7. மறுப்பும் விடையும்

"டோக்கன் கொடுத்தால் தீராதா?" எனின், தீராது. டோக்கன் வரிசையை ஒழுங்குபடுத்தும், வெட்கத்தை ஒழுங்குபடுத்தாது. "அப்படியானால் வண்டியே வேண்டாமா?" எனின், அதுவும் அன்று. மருதாணிக் கையோடு ஓடித் திரியும் பிள்ளைகளுக்கு வண்டி என்பது பெருமகிழ்ச்சி. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரரோடு மட்டுமே வம்பு பேசலாம். வண்டியடியில் நின்றால் ஊரோடு பேசலாம்.

8. பரிந்துரைகள்

அ. முதல் ஒரு மணி நேரம் அண்டா வண்டி மட்டும் திறக்க. வயிறு அடங்கிய பின் கல்லை மூட்டுக. தோசையை ருசிக்கு வைத்துக்கொள்க, பசிக்கு வைக்கற்க.

ஆ. இரு வண்டிகளையும் அருகருகே நிறுத்தற்க. வரிசைகள் பின்னிக்கொண்டால், தோசைக்கு நின்றவர் பொங்கலோடு திரும்புவார்.

இ. அறுபது வயதைக் கடந்தவர்க்கும் சீர் கொண்டுவந்தோர்க்கும் நிழலில் நாற்காலி. தட்டு அவரிடம் செல்க.

ஈ. வீட்டு ஆள் ஒருவர், கையில் கரண்டியோ செல்போனோ இன்றி, "சாப்டீங்களா?" என்று கேட்பதற்கென்றே திடலில் நடக்க. மச்சான் இதற்கு மிகப் பொருத்தமானவர். இரண்டு வண்டி போதும் என்று சொன்னவர் அவரே.

9. மேலாய்வுக்குரியது

ஐந்து மணி நேரம் கல்லின் முன் நின்ற மாஸ்டரிடம் மேற்படி மச்சான் "சாப்டீங்களா மாஸ்டர்?" என்று கேட்டால், அவர் தோசை வேண்டாம், தயிர்சாதம் இருந்தால் போதும் என்கிறார். ஆகவே தயிர்சாதம் ஒரு டப்பா முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட வேண்டும். அதற்கான செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத கேள்வி. இவ்வாய்வாளர் "மொய்க் கணக்கு" என்று எழுதப் பரிந்துரைக்கிறார்.