சாவி பதிவாளரிடம் இருக்கிறது

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஓலைச்சுவடியைத் தலைகீழாகக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி. உள்ளே பட்டுத்துணி. மேலே தோசைக்கல் மாதிரி காயும் மஞ்சள் விளக்கு. ஓலைக்குச் சூடும் வெளிச்சமும் ஆகாது. புல் தைலமும் நிழலும்தான் அதற்கு மருந்து. பெட்டி செய்த ஒப்பந்ததாரருக்கு அது தெரிய வேண்டாம். எழுத்து தலைகீழாக நிற்பதாவது யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கலாம். துணைவேந்தர் திறந்து வைத்தார். துறைத் தலைவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. படத்திலும் தலைகீழ்தான்.

நூலக உதவியாளரிடம் சொன்னேன். எட்டிப் பார்த்தார். "ஆமா சார், தலைகீழாத்தான் இருக்கு."

"திருப்பி வைக்கலாமே தம்பி?"

"சாவி பதிவாளர்கிட்ட இருக்கு சார். டீம் வந்துட்டுப் போற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

டீம் என்றால் உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகங்களின் தரம் பார்க்க வரும் நாக் (NAAC) குழு. அது வருகிறது என்றதும் பல்கலைக்கழகத்துக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு. கழிவறைக்குக் கதவு. நூலகத்துக்குக் கண்காட்சி. தினமும் எத்தனை பேர் நூலகத்துக்கு வருகிறார்கள் என்பதும் மதிப்பீட்டில் ஒரு கணக்கு. ஆகவே அன்று துறை துறையாகப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். முன்வாசலில் கையெழுத்து. பின்வாசலில் விடுதலை. எத்தனை பேர் புத்தகத்தைத் திறந்தார்கள் என்று எந்தக் குழுவும் கேட்பதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதிவேடு போட்டுவிடுவார்கள்.

'புதிய வரவுகள்' என்றொரு அடுக்கு. ஒன்றை உருவினேன். 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. இத்தனை ஆண்டுகள் புதுக்கருக்கு அழியாமல் இருப்பது எளிதல்ல; பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்காததால் முடிந்தது. மார்ச் மாதச் சரக்கு. 31ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். அந்த அவசரத்தில் என்ன புத்தகம் என்று பார்க்க முடியுமா? தக்காளி வாங்குகிறவன்கூட இரண்டை அழுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறான். அவன் காசு அது.

எதிரே முனைவர் பட்ட ஆய்வேடுகள். சிவப்பு அட்டை, தங்க எழுத்து. பார்க்கலாம், தொடக் கூடாது. "பாத்து எழுதிடுவாங்க சார்." ஏற்கெனவே பார்த்து எழுதியதை இன்னொருவன் பார்த்து எழுதினால் புதிதாக என்ன கெட்டுப்போகும்?

அடுத்தது 'அரிய நூல்கள்'. ஒரு மாணவி கைப்பையோடு நின்றாள். மறுவாரம் அவளுக்குத் தேர்வு. பாடத்திட்டத்தில் உள்ள புத்தகம் ஒன்றே ஒன்று, அது பெட்டிக்குள். பட்டியலில் தேடினால் 'உண்டு' என்கிறது. கேட்டால் 'காட்சியில்' என்கிறார்கள். அது நேற்றைய பதிப்புதான். இரண்டாவது பிரதி வாங்காததால் அரிய நூலாகிவிட்டது. ஒவ்வொரு பருவமும் நூலகக் கட்டணம் கட்டுகிற பிள்ளை அவள். அந்தப் பணத்துக்குக் கண்ணாடியைக் காட்டினார்கள்.

இத்தனைக்கும் நடுவே மாலை போட்ட படமாக எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். லண்டன் போய் அந்தத் தொழிலைப் படித்து வந்தவர். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். முதல் விதி: புத்தகம் பயன்பாட்டுக்கே. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டி வைத்த கதையையும் அங்கேதான் சொல்கிறார். நாம் முன்னேறிவிட்டோம். சங்கிலியில் கட்டிய புத்தகத்தை நின்றபடியாவது படிக்கலாம்.

நான்காவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இதை மட்டும் இங்கே கடைப்பிடிக்கிறார்கள். வகுப்பு விடுவது 4.30. நூலகம் மூடுவது 5 மணி. அரை மணிக்கு மேல் ஒருவருடைய நேரமும் இங்கே வீணாக வழியில்லை.

நிரந்தர நூலகர் இல்லை. ஒரு கணிதப் பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு. ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தானே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் நூலகவியல் இருக்கைக்காகத் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டுப் போனவர். இவர் கூடுதல் பொறுப்புக்கான படி இன்னும் வரவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

அசல் கூத்து வேறு: நம் புத்தகங்களைக் காப்பாற்றியது யார் என்பது. 1954இல் அமெரிக்கா பி.எல். 480 என்று ஒரு சட்டம் போட்டது. நமக்குக் கோதுமை வந்தது. விலையை ரூபாயாக வாங்கிக்கொண்டார்கள். அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தங்கள் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். தமிழும் கப்பலேறியது. கோதுமையை நாம் தின்று தீர்த்தோம். புத்தகம் அங்கே தேடினால் கிடைக்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். வயிற்றைக் கட்டிச் சேர்த்த நூல்களை விட்டுவிட்டு 1992இல் இறந்தார். வாங்கியது யார்? சிகாகோ பல்கலைக்கழகம். அவர்கள் பெருந்தன்மையாகத் தமிழ்நாட்டிலேயே விட்டுவைக்க, 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமானது. காரைக்குடி வட்டாரத்துத் தமிழ்ப் புத்தகத்துக்குச் சிகாகோவிலிருந்து காசு வர வேண்டியிருந்தது. இங்கே மேடைதோறும் தமிழுக்கு உயிரைக் கொடுப்பவர்கள் உண்டு. உயிரை யார் கேட்டார்கள்? ஓர் அலமாரி கேட்டது தமிழ்.

டீம் வந்தது. ரோஜாப்பூ கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். போய்விட்டது. ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். சுவடி அதே தலைகீழ். விளக்கு மட்டும் ஃபியூஸ் போயிருந்தது. ஓலைக்கு நடந்த ஒரே நன்மை.

"இப்பவாவது திருப்பி வைக்கலாமே தம்பி?"

"பதிவாளர் மாறிட்டார் சார். பழையவர் சாவியை ஒப்படைக்கலைன்னு தணிக்கையில கேள்வி."

கண்ணாடிக்கு உள்ளே ஓலை விளிம்பில் ராமபாணம் ஒன்று ஊர்ந்தது. எந்த வழியாகப் போனது என்று உதவியாளரைக் கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, பூச்சி மருந்துக்கு ஏற்கெனவே கோப்பு போயிருப்பதாகச் சொன்னார்.