நால்வருக்கு எதிராக ஒருவர்

கேள்வி: அரசு நினைத்தால் யாரையும் உள்ளே தள்ளிவிடலாம் என்றால், அரசியல் சாசனம் எதற்கு?
– கரோல் பாக் வாசகர், டெல்லி

பதில்: அப்படி நினைத்த அரசும் இருந்தது, அதற்குத் தலையாட்டிய நீதிமன்றமும் இருந்தது. 1975 நெருக்கடி நிலையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றன 9 உயர் நீதிமன்றங்கள். டெல்லி உச்ச நீதிமன்றத்தில் கதை மாறியது. போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று கேட்டார் நீதிபதி எச்.ஆர். கன்னா. நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றது அரசுத் தரப்பு. 1976 ஏப்ரல் 28-ல் நான்கு நீதிபதிகள் அரசு பக்கம் சாய்ந்தார்கள். கன்னா மட்டும் மறுத்தார். 1977-ல் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. ராஜினாமா செய்தார்.

1978-ல் 44-வது திருத்தம் வந்தது: நெருக்கடி நிலையிலும் சாசனத்தின் 20-வது பிரிவிலும், உயிருரிமை தரும் 21-வது பிரிவிலும் கைவைக்க முடியாது. 2017-ல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. எறிந்தவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், பழைய தீர்ப்பின் நால்வரில் ஒருவர் அவர் தந்தை!

சாசனம் தானாகப் பேசாது, பேச ஆள் வேண்டும். கன்னா இழந்தது ஒரு நாற்காலி. நாம் பெற்றது எந்த அரசாலும் நிறுத்திவைக்க முடியாத உயிருரிமை.