தொட்டால் பொருள் சொல்லும்

மதுரையில் அமெரிக்க இந்தியவியல் கழகத்துக்குத் தமிழ் படிக்க வரும் மாணவர்கள் சிலரோடு சாயங்காலம் பேச்சுத்துணைக்குப் போவேன். அவர்களில் இரண்டு கட்சி உண்டு. திரையில் தெரியாத சொல் எதைக் கண்டாலும் விரலால் தொட்டுப் பொருள் பார்ப்பவர்கள் ஒன்று. தொடுவதைப் பரீட்சையில் பிட் அடிப்பதாக நினைப்பவர்கள் இன்னொன்று. இரண்டாம் கட்சியை மதிக்கிறேன். ஆனால் கதையின் கடைசிப் பக்கம்வரை வந்து சேர்கிறவர்கள் முதல் கட்சிதான்.

தொட்டவுடன் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சம் சொல்லுக்கு மேல். அதை இணையத்தில் ஏற்றியது சிகாகோ பல்கலைக்கழகம். ஆக, மாசி வீதியில் உட்கார்ந்துகொண்டு தமிழுக்குப் பொருள் சிகாகோவில் கேட்க வேண்டும். ‘போய்விட்டவர்களிடமிருந்து’ என்று கேட்டால் கையை விரித்துவிடும். ‘போ’ என்று கேட்டால்தான் வாயைத் திறக்கும், திறந்தால் மூடாது. அத்தனை வாலையும் நறுக்கித் தலையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அகராதி எதற்கு?

ஒரு மாணவி டீக்கடையில் தினத்தந்தி படிப்பார். நல்ல தேர்வு. 1942-இல் மதுரையில் பிறந்த பத்திரிகை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும் என்பது அதைத் தொடங்கிய ஆதித்தனாரின் கணக்கு. ‘இருவர் தலைமறைவு’ என்ற தலைப்புக்கு நேராக அந்த மாணவி போன் கேமராவைப் பிடித்தார். அது யோசிப்பதற்குள் பெஞ்சிலிருந்த அண்ணன், “ஓடிட்டாய்ங்கம்மா” என்றார். “ஓடல, ஒளிஞ்சிருக்காய்ங்க” என்று திருத்தினார் டீ மாஸ்டர். மூன்றாமவர், யார் வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னார்.

அதோடு விட்டார்களா? கல்யாணம் ஆயிருச்சா, அப்பாவுக்கு என்ன சம்பளம், உங்க ஊர்ல புளி கிடைக்குமா என்று வரிசையாக வந்தது. திரும்பி வரும் வழியில் அந்தப் பெண், “சார், போன் என்னைத் திருப்பி எதுவும் கேட்காது” என்றார். இந்தக் கருவிகளால் சொல் மனதில் தங்குமா தங்காதா என்று ஆராய்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் நல்லது.

இப்போதெல்லாம் பேப்பரை அறையிலேயே படித்துவிட்டு, டீக்கு மட்டும் கடைக்கு வருகிறார். பெஞ்சுக்காரர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏம்மா, இன்னிக்குத் தெரியாத வார்த்தை ஒன்னுகூடவா இல்ல?”