'சடக்' என்றால்தான் சுகம்

என் இடுப்புவலிக்கு வயது அதிகம். ரேஷன் கார்டில் அதன் பெயரைச் சேர்க்காதது ஒன்றுதான் பாக்கி. கேஸ் சிலிண்டர் நகர்த்த வேண்டிய நாட்களில் மட்டும் அது வருகிறது என்பாள் என் மனைவி. அபாண்டம். பரணிலிருந்து அண்டா இறக்கும் நாட்களிலும் வரும்.

தைலம், பெல்ட், ஒத்தடம் எல்லாம் முடிந்து கைரோபிராக்டிக்குக்கு வந்து சேர்ந்தேன். உபயம், யூடியூப். ஒருவர் குப்புறப் படுத்திருப்பார், இன்னொருவர் முதுகில் இரு கையும் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார், 'சடக்'. படுத்திருப்பவர் முகத்தில் மோட்சம் தெரியும். சோபாவில் சரிந்தபடி நள்ளிரவு வரை இதைப் பார்த்ததில் வலி இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

போகுமுன் இதன் பூர்வீகத்தைப் படித்தேன். 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் காந்த வைத்தியம் பார்த்துவந்த டி.டி. பால்மர், ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தினாராம். 17 ஆண்டுகளாக மந்தமாயிருந்த காது கேட்க ஆரம்பித்ததாம். காது நரம்பு மண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். மனைவியிடம் சொன்னேன்.

"காதுக்கு வைத்தியமா? அப்போ சரியான இடத்துக்குத்தாங்க போறீங்க" என்றாள்.

இதில் பல முறைகள் உண்டாம்; நான்கு இடங்களுக்குப் போய் நான்கைப் பார்த்தேன். முதலில் 'டைவர்சிஃபைட்' முறை. கருவி கிடையாது, கைதான். வைத்தியர் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, என் தோளைக் கிழக்கேயும் இடுப்பை மேற்கேயும் அனுப்பினார். 'சடக்'! விலகியிருந்த எலும்பு வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். உண்மையில் எலும்பு எங்கும் போகவும் இல்லை, வரவும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குமிழி உண்டாகிறது; சத்தம் அதனுடையது. சோடா பாட்டில் சமாசாரம். ஒருமுறை சொடுக்கிய மூட்டு மறுபடி சொடுக்கச் சுமார் 20 நிமிஷம் ஆகும். வீட்டுக்கு வந்து மனைவிக்குச் செய்துகாட்ட நினைத்தேன். சத்தம் என் வாயிலிருந்துதான் வந்தது.

அடுத்தது 'ஆக்டிவேட்டர்'. கைக்கு அடக்கமான ஸ்பிரிங் கருவி. குப்புறப் படுக்கவைத்து, இரு குதிகாலையும் சேர்த்துப் பார்த்து, "இடது கால் கொஞ்சம் குட்டை" என்றார். இத்தனை வருஷமாக என் டெய்லர் இரண்டு காலையும் ஒரே அளவில் தைத்து ஏமாற்றியிருக்கிறார்! பிறகு முதுகில் அங்கங்கே 'டிக்', 'டிக்'. பெட்டிக்கடையில் பால்பாயின்ட் பேனா எழுதுகிறதா என்று பார்க்கிற சத்தம். இதற்கா ஆட்டோ பிடித்து வந்தோம் என்று மனசு சுருங்கிவிட்டது.

'தாம்சன்' முறையில் அந்தக் குறை இல்லை. அழுத்தும்போது மேசையின் ஒரு பகுதி பொசுக்கென்று சற்றே கீழிறங்கி 'தடால்' என்கிறது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் கதிகலங்கினார்கள். சத்தம் மேசையுடையது, காசு என்னுடையது. கடைசியாக 'காக்ஸ்' முறை: மேசையின் கீழ்ப்பாதி மெல்ல மெல்லத் தணிந்து முதுகை இழுத்துவிடும். சத்தமே கிடையாது. நடுவில் கேட்டது என் குறட்டை.

எங்கள் கிராமத்தில் இவ்வளவு வகை கிடையாது. கால் முன்னே வந்து பிறந்தவர் என்று ஒருவர் இருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டால் அவர் வந்து ஓர் உதை விடுவார். ஃபீஸ், வெற்றிலை பாக்கு. பெரிய மனுஷர்களை முறையாக உதைக்க ஊரில் உரிமை பெற்றிருந்தவர் அவர் ஒருவர்தான்.

எது உசத்தி? 2019-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் 47 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரையை வெளியிட்டது. நாட்பட்ட இடுப்புவலிக்கு முதுகெலும்பை இப்படிக் கையாளும் சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் அளவுக்கே வலியைக் குறைக்கிறதாம். படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். உடற்பயிற்சிக்குச் சமம் என்றால், உடற்பயிற்சியை விட்டுவிடலாமே! மனைவி அதையே திருப்பிப் படித்தாள்: "சமம்னா, காசு கொடுக்காம வீட்லயே பண்ணலாமே?" ஒரே கட்டுரையை இரண்டு பேர் படிக்கக் கூடாது.

என் தீர்ப்பு: திருப்திக்கு டைவர்சிஃபைட், தூக்கத்துக்குக் காக்ஸ். கழுத்தை மட்டும் யாரிடமும் விளையாட்டாகக் கொடுக்காதீர்கள், சலூன் நாற்காலியிலும்கூட. வெடுக்கென்று திருப்பும்போது கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம், ஆனால் வந்திருக்கிறது. காலில் மரமரப்போ, சிறுநீர் கழிப்பதில் சிக்கலோ வலியோடு சேர்ந்து வந்தால் 'சடக்'கைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான்கு இடத்திலும் கடைசியில் உடற்பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கென்று பாயும் வாங்கினேன். புத்தம் புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். பரணில் இருக்கிறது, நீங்களேதான் இறக்கிக்கொள்ள வேண்டும்.